இருளப்பன் வரைந்த ஆற்றங்கரை

இருளப்பனுக்கு மூன்று மொழியில் எழுதத் தெரியும். ஒன்றில்கூடப் படிக்கத் தெரியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் 'பாதை வழுக்கும்', 'அபாயம்', 'உள்ளே வராதே' என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எந்தப் பலகையைப் பார்த்தாலும் அது அவர் கைவேலைதான். நான் தாளில் எழுதிக் கொடுப்பேன். அவர் ஒவ்வொரு வளைவையும் பார்த்துப் பார்த்துக் கோலம் போடுவதுபோலப் பலகையில் ஏற்றிவிடுவார். ஒருமுறை நான் கொடுத்த தாளில் ஒரு சொட்டுக் காப்பி விழுந்திருந்தது. ஸ்டோர் வாசல் பலகையில் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் அந்தச் சொட்டையும் அதே பழுப்பு நிறத்தில் வரைந்து வைத்துவிட்டார். ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. "இருந்துச்சு, வரைஞ்சேன்" என்றார். அதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று அவருக்குப் புரியவே இல்லை.

அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. தகுதி உள்ளவர்கள் யாரும் எழுதப்போவதில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். என் பெயர் ராதாகிருஷ்ணன். எழுபதுகளில் அந்தத் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். செக்ரோல் என்கிற பெயர்ப் புத்தகம் என் பொறுப்பு. யார் கொழுந்து எடுக்கப் போவது, யார் மருந்தடிக்கப் போவது என்று காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட ஆட்கள் வந்து நிற்பதற்குள் அதில் எழுதி வைக்கவேண்டும். மிச்ச நேரத்தில் மானேஜர் துரை பேசுவதைத் தமிழில் சொல்வதும், தொழிலாளி பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வதும் என் வேலை. கிராணிகளைப் பற்றித் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அப்போது அது காதில் விழுந்தால் எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும்.

இருளப்பன் தோட்டத்து ஆள் இல்லை. கொந்தராக் ஆள், ஒப்பந்தக் கூலி. சாயம் பூசுகிற வேலை வந்தால் கூப்பிடுவோம், இல்லாவிட்டால் பக்கத்து டவுன் தானா ராத்தாவில் கடைப் பலகைகள் எழுதிக்கொண்டிருப்பார். செக்ரோலில் பெயர் இருந்தது அவர் மனைவி பவளத்துக்குத்தான். அதனால் லயத்து வீடும் பவளத்தின் பெயரில் இருந்தது. இதைச் சொல்லி அவரைச் சீண்டாதவர்கள் கிடையாது. மாமியார் வீட்டு மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறோம், பெண்டாட்டி வீட்டு மாப்பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறோம் என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். பவளம் மட்டும், "என் வீட்டுல இருக்காரு, உங்களுக்கு என்ன வலிக்குது" என்று கேட்டுவிடும். அந்த மனுஷிக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அதைப் பிடிக்கும்.

பவளம் மருந்தடிக்கிற கும்பலில் இருந்தது. தேயிலைச் செடிகளுக்கு இடையில் முளைக்கிற புல்லைக் கொல்லும் மருந்து. டின்னில் கெட்டியாக இருக்கும். தண்ணீரில் ஊற்றினால் ஒரு மாதிரி நீலப்பச்சையாக மாறும். அதை முதுகில் மாட்டுகிற பம்பில் நிரப்பிக்கொண்டு மேட்டில் ஏறவேண்டும். தண்ணீர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதற்காக மருந்து கலக்குகிற இடத்தை ஆற்றங்கரையிலேயே வைத்திருந்தார்கள். பெண்கள் அங்கேதான் கலக்குவார்கள், அங்கேதான் டின்னைக் கழுவுவார்கள், கைகால் கழுவிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். கரையிலிருந்த கல்லெல்லாம் நீலம் பிடித்துக் கிடந்தது. சுற்றிலும் மலை முழுக்கப் பச்சை. அந்தக் கரையில் மட்டும் புல் கருகி, துருப்பிடித்த தகரம் மாதிரி செம்மஞ்சளாக நிற்கும். நாங்கள் எல்லோரும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போனோம் வந்தோம்.

பவளத்தின் பம்பில் அடி வளையம் தேய்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது. வார் உரசி உரசி முதுகில் ஏற்கெனவே புண். அந்தப் புண்மேல் மருந்து இறங்கி ரவிக்கை நனைந்துபோக, ஒரு முழு நாள் வேலை செய்துவிட்டு வந்தது. எழுபத்தேழாம் வருஷம், டிசம்பர் மாத மழையில். மறுநாள் தொண்டை எரிகிறது என்றது. ஒன்பதாம் நாள் செத்துப்போய்விட்டது.

அந்த ஒன்பது நாளும் இருளப்பன் ஆபீஸ் பக்கம் வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். அவருக்குச் சாயத்தின் பெயர்கள்தான் தெரியும். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது என்றார். ஐந்தாம் நாள், ரோட்டில் கோடு போடுகிற மஞ்சள் முகம் முழுக்க வந்துவிட்டது என்றார். ஏழாம் நாள், "உதடு ஆபீஸ் ஜன்னல் கலருக்கு வந்துருச்சு ஐயா" என்றார். எங்கள் ஆபீஸ் ஜன்னல் கரு நீலம். நான் அந்த ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு, டிரஸர் பார்த்துக்கொள்வார், பயப்படாதீர்கள் என்றேன்.

டிரஸர் என்றால் தோட்டத்து மருந்தகத்துக்காரர். பெயர் நாகரத்தினம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மேலிடத்துக்குப் பிடிக்காத எழுத்து அவர் பேனாவில் வராது, அவ்வளவுதான். சாவுக்குக் காரணம் நெஞ்சுச் சளி என்று எழுதினார். முதுகுப் புண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. செக்ரோலில் இருந்த ஆள் செத்துப்போனால் அந்த இடத்துக்கு அந்தக் குடும்பத்திலிருந்தே ஒரு ஆள் வரவேண்டும். வந்தால் வீடு தங்கும். வராவிட்டால் மாதக் கடைசிக்குள் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். பவளம் விட்ட இடம் மருந்துக் கும்பலில்தான் இருந்தது. மகள் சரோஜாவுக்கு அப்போது பதினேழு வயது. கருமாதி முடிந்த மறுநாள் பெரட்டில் வந்து நின்றது. பவளத்தின் பெயரை அடித்துவிட்டு மேலே சரோஜா என்று எழுதினேன். அதே நம்பர்தான். பம்பும் அதேதான். வளையம் மட்டும் புதிதாகப் போட்டிருந்தார்கள்.

இருளப்பன் என்னிடம் ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். மகளைக் கொழுந்து எடுக்கிற கும்பலுக்கு மாற்றவேண்டும், மனைவி மருந்தால்தான் செத்தாள் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். இரண்டே கோரிக்கைகள். நல்ல ஆங்கிலத்தில்தான் எழுதினேன், அதில் குறை வைக்கவில்லை. துரை அதை நாகரத்தினத்திடம் கருத்துக் கேட்டு அனுப்பினார். நாகரத்தினம், ஏற்கெனவே எழுதியதுதான் என் கருத்து என்று எழுதி அனுப்பினார். செவிடன் காதில் ஊதிய சங்கு. மனு ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

எழுபத்தெட்டில் துரைக்குப் புதிதாக ஒரு ஆசை வந்தது. ஃபேக்டரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் உட்கார்ந்து தேநீர் குடிக்க ஒரு அறை கட்டினார். அதன் பெரிய சுவரில் ஒரு படம் வேண்டும் என்றார். ஆற்றங்கரை, நாலைந்து பெண்கள், அழகாக, சந்தோஷமாக. மாதிரிக்கு ஒரு காலண்டரையும் கொடுத்தார். ஏதோ வெள்ளைக்கார தேசத்து ஆறு அதில் பளிங்குபோல ஓடியது.

நான் காலண்டரை இருளப்பனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். இந்த ஆற்றை நான் பார்த்ததில்லையே, எப்படி வரைவது என்று கேட்டார். எந்த ஆறாக இருந்தால் என்ன, ஆறு என்று தெரிந்தால் போதும் என்றேன். அப்படியென்றால் நம் ஆற்றையே வரையலாமா என்றார். வரையுங்கள் என்றேன். வாயைத் திறந்து சொன்னது நான்தான்.

தேயிலைப் பெட்டி செய்கிற ஒட்டுப்பலகை ஆறு துண்டுகளை வாங்கிச் சேர்த்து ஆணியடித்தார். சாயம் எல்லாம் தோட்டத்து மிச்சம்தான். ஃபேக்டரிக் கூரைச் சிவப்பு, லயத்துக் கதவுப் பச்சை, ரோட்டு மஞ்சள், ஜன்னல் நீலம், சுண்ணாம்பு வெள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் கலக்குகிற இடத்துக்கு எதிர்க்கரையில் போய் உட்கார்ந்துகொள்வார். ஒரு நீலப்பச்சை சரியாக வரவில்லை என்று மூன்று வாரம் அதையே கலந்துகொண்டிருந்தார். மழை கழுவிய கல்லுக்கும் கழுவாத கல்லுக்கும் வித்தியாசம் இருக்கிறதாம். வேலையில்லாத மாமியார் கழுதையைப் போட்டுச் சிரைத்தாளாம் என்று மருந்துக் கும்பலை மேற்பார்க்கிற மண்டோர் தங்கராஜு கிண்டல் செய்தான். இருளப்பன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முடிந்ததும் என்னை ஸ்டோருக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்.  கரை முழுக்கச் செம்மஞ்சள், தீப்பிடித்து அணையாமல் நிற்கிற மாதிரி. நடுவில் ஆறு, பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல். ஐந்து பெண்கள் கல்லில் உட்கார்ந்து சோறு தின்கிறார்கள். அவர்களின் விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. ஒருத்திக்கு மட்டும் முகம் மஞ்சள், உதடு கரு நீலம். அவளும் மற்றவர்களோடு சேர்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறாள். ஒரு முகத்திலும் அழுகை இல்லை. பசித்தவர்கள் சாப்பிடுகிற முகம், அவ்வளவுதான்.

தோட்டத்தில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு ஒவ்வொரு நிறமும் தெரிந்தது. புல் அந்த நிறம்தான். கல் அந்த நிறம்தான். மருந்தில் ஊறி ஊறி நகம் வெளுத்து, கொஞ்ச நாளில் கழன்று விழும். அதுவும் அந்த நிறம்தான். இதில் அவர் சேர்த்த ஒன்றுகூட இல்லை.

"மனு எழுதுனோம், யாரும் படிக்கல" என்றார் இருளப்பன். "இதைப் படிக்க வேணாம்லா ஐயா. பாத்தா போதும்."

துரை பார்த்தார். முகத்தைச் சுளித்தார். இது என்ன கண்றாவி, பச்சையடித்து மறைத்துவிட்டு ஒழுங்காக வரையச் சொல் என்றார். நான் சரி என்றேன். பச்சைச் சாயம் டவுனிலிருந்து வர நாலு நாள் ஆகும் என்பதால் படம் ஸ்டோரிலேயே நின்றது. அந்த நாலு நாளுக்குள் துரையின் பங்களாவுக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு விருந்தாளி வந்தார். வெள்ளைக்கார அம்மாள். அங்கே ஓவியக் கண்காட்சிகள் நடத்துகிறவர். ஃபேக்டரியைச் சுற்றிப் பார்க்க வந்தவர் ஸ்டோர்க் கதவு திறந்திருந்ததால் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அதை வரைந்தவரை உடனே பார்க்கவேண்டும் என்றார். இருளப்பன் வந்தார், சாயக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு. அந்தப் பக்கம் துரை, இந்தப் பக்கம் அம்மாள், நடுவில் நான். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இப்படி வரைந்தவர்கள் இருந்தார்கள், எக்ஸ்பிரஷனிஸ்ட் என்று அவர்களுக்குப் பெயர் என்று அம்மாள் சொன்னார். தண்ணீர்க் கரையில் இருக்கிற பெண்களுக்குப் பச்சை முகம் வைப்பார்களாம், மரத்தைச் சிவப்பாகப் போடுவார்களாம். கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை விட்டுவிட்டு மனசுக்குத் தெரிகிற நிறத்தைப் பூசுவார்களாம். இந்த மனிதர் அதையெல்லாம் பார்த்திருக்கவே முடியாது, எப்படி இவருக்கு இது வந்தது, ஏன் இந்த நிறங்களைத் தேர்ந்தெடுத்தார், கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

நான் கேட்டேன். இருளப்பன் நிமிர்ந்து நின்று, அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"இது மருந்து கலக்குற எடம்மா. புல்லு செத்தா இந்தக் கலருதான். கல்லு மருந்து பட்ட கலரு. இது என் சம்சாரம் பவளம். சாகறப்ப மொகம் இப்படித்தான் இருந்துச்சு. இப்ப என் மக அதே பம்பைத் தூக்குது. அதை மாத்திவிடச் சொல்லுங்க."

கையை நீட்டி ஜன்னல் வழியாக ஆற்றையும் காட்டினார். அங்கிருந்து பார்த்தால் செம்மஞ்சள் கரை நன்றாகவே தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பெரிய கிராணி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், சூட்டைச் சூடாகத் துரையிடம் கொண்டுபோகாதே என்பது. ஆற வைத்து, நாலு வார்த்தையைக் குறைத்து, இரண்டு வார்த்தை மரியாதை சேர்த்துக் கொண்டுபோ என்பார். எல்லாத் தோட்டத்திலும் கிராணிகள் அப்படித்தான் செய்வார்கள், அதற்குத்தான் சம்பளம். அந்த மாதக் கடைசியில் பெரிய கிராணி ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி எனக்கா, வேறு ஒருவருக்கா என்று துரை இன்னும் சொல்லவில்லை. துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆற வைத்தேன்.

இவர் மனைவி சமீபத்தில் இறந்துவிட்டாள், அந்தத் துக்கத்தில் இவர் கண்ணுக்கு எல்லாமே இந்த நிறத்தில்தான் தெரிகிறதாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

அம்மாளின் கண் கலங்கியது. கலங்கி, வழிந்தே விட்டது. இருளப்பனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். படத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். துரைக்கு வலிக்கவா போகிறது, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் அதை மட்டும் இருளப்பனிடம் ஒரு சொல் மாறாமல் மொழிபெயர்த்தேன். எடுத்துப்போகட்டும், நாலு பேருக்குக் காட்டட்டும் என்றார் அவர். அன்று அவர் நடந்துபோன நடையை என்னால் மறக்க முடியவில்லை. கேஸ் ஜெயித்துவிட்டு வருகிற ஆள் மாதிரி போனார்.

அடுத்த வாரம் கோலா தெர்லா என்கிற ஊரிலிருந்து பவளத்தின் தம்பி சிங்காரம் காய்கறி லாரியில் வந்தான். அவனுக்கு அங்கே சின்னதாக ஒரு முட்டைக்கோஸ் தோட்டம். சரோஜாவை என்னோடு அனுப்பிவிடு மாமா, வீடு போனால் போகட்டும், நீயும் வந்துவிடு என்று கூப்பிட்டான். நான் அப்போது ஏதோ அளவெடுக்க லயத்துக்குப் போயிருந்தேன். என்னையும் உட்காரச் சொல்லி ஆளுக்கொரு டம்ளர் காப்பி கொடுத்தது சரோஜா. அந்தப் பெண்ணின் கட்டைவிரல் நகம் அப்போதே வெளுக்கத் தொடங்கியிருந்தது.

இருளப்பன் போகமாட்டேன் என்றார். "அந்தம்மா அழுதாங்கடா சிங்காரம். என் கையைப் புடிச்சுகிட்டு அழுதாங்க. கிராணி ஐயாவைக் கேளு. ஒரு மாசம், ரெண்டு மாசம், மருந்தை நிறுத்திருவாங்க. இத்தன வருசம் இருந்த வீட்டை அதுக்குள்ள எதுக்கு விடணும்?"

சிங்காரம் என்னைப் பார்த்தான். சரோஜாவும் பார்த்தது. அம்மாள் அழுதது உண்மைதானே என்று என் மனசு எனக்கே வக்காலத்து வாங்கியது. பார்ப்போம், நல்லது நடக்கும் என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தேன். சிங்காரம் தனியாக லாரி ஏறிப் போனான்.

அந்த மாதக் கடைசியில் நான் பெரிய கிராணி ஆனேன். அதற்குப் பிறகு ஒன்பது மாதம், சனிக்கிழமை தவறாமல் இருளப்பன் வருவார். கோலாலம்பூரிலிருந்து கடுதாசி ஏதாவது வந்ததா என்பார். வரும் என்பேன். இதற்குள் சரோஜாவுக்கு நாலு நகம் விழுந்துவிட்டது. குனிந்தால் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. மேட்டில் ஏறும்போது இரண்டு முறை நின்று மூச்சு வாங்குகிறது என்று தங்கராஜுவே என்னிடம் வந்து சொன்னான். அவனுக்கே மனசு கேட்கவில்லை. கொழுந்துக் கும்பலில் இடம் காலியானதும் பார்க்கலாம் என்று அவனை அனுப்பிவிட்டேன். கொழுந்துக் கும்பலில் இடமே இல்லாமல் இல்லை. மருந்துக் கும்பலுக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். எனக்குத் துரையிடம் போய்ப் பேசப் பயம், அதுதான் நிஜம்.

எழுபத்தொன்பது பிப்ரவரியில் கடுதாசி வந்தேவிட்டது. தபால்காரர் அதை நேராக இருளப்பன் கையிலேயே கொடுத்துவிட்டார். வழவழப்பான அட்டை. ஒரு பக்கம் அவர் படம் கலரில் அச்சாகியிருந்தது. மறு பக்கம் ஆங்கிலத்தில் நாலு வரி. கோலாலம்பூரில் நடந்த கண்காட்சிக்காக அடித்தது. அவர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். கூடவே சரோஜாவும் வந்திருந்தது. மருந்தை நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கிறதா, படியுங்கள் ஐயா என்றார்.

பொய் சொல்லத்தான் நினைத்தேன். சரோஜா படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து ஆபீஸ் வரை பன்னிரண்டு படிதான். எனக்குப் பொய் வரவில்லை. ஒவ்வொரு வரியாக, இருந்ததை இருந்தபடி படித்துச் சொன்னேன். இந்தத் தோட்டத் தொழிலாளி கண்ணால் கண்டதை வரையவில்லை. மனைவியை இழந்த துயரத்தில் உலகம் எப்படி நிறம் மாறிப்போனது என்பதை வரைந்திருக்கிறார். இந்த ஆறு எங்கும் இல்லை. இது அவர் மனதில் ஓடுகிற ஆறு.

இருளப்பன் அட்டையைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"ஆறு எங்கேயும் இல்லைன்னு எழுதியிருக்கா?"

"ஆமாண்ணே."

"நான் கையைக் காட்டினேனே. அந்தம்மாவும் திரும்பிப் பாத்தாங்களே." அட்டையை என் மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார். "நீங்க என்ன ஐயா சொன்னீங்க அவங்ககிட்ட?"

சொன்னேன். அன்று ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னேன். துரை பக்கத்தில் இருந்தார், என் வேலை போயிருக்கும் என்பதையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அடிக்கவில்லை. தான் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் மருந்தை நிறுத்தியிருப்பார்களா என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை, ஒன்றும் நடக்காமலும் போயிருக்கலாம் என்றேன்.

"நடக்கலைன்னா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்லா" என்றார் இருளப்பன். "எம்புள்ளைய சிங்காரத்தோட லாரியில ஏத்திவிட்டிருப்பேன்."

  துரைக்கு முன்னால் நான் செய்தது கோழைத்தனம், அதை யாரும் புரிந்துகொள்வார்கள். காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த லயத்தில் நான் சும்மா உட்கார்ந்திருந்தது வேறு. அங்கே துரை இல்லை. என் நாற்காலியைப் பிடுங்க யாரும் இல்லை. ஒரு முறை வாயைத் திறந்திருந்தால் போதும். அந்த ஒன்பது மாதத்தை அந்தப் பெண்ணின் நெஞ்சிலிருந்து நான்தான் எடுத்தேன்.

அன்று மத்தியானமே வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, சாய டின்கள், பவளத்தின் போட்டோ ஒன்று. கோலா தெர்லாவுக்கு முட்டைக்கோஸ் ஏற்றப் போகிற வெறும் லாரியில் ஏறினார்கள். பின்னால் ஏறச் சரோஜாவால் முடியவில்லை. டிரைவர் இறங்கி வந்து அதை முன்னால் உட்கார வைத்தான். அட்டையை எடுத்துக்கொண்டு போகவில்லை. என் மேசையிலேயே கிடந்தது.

அங்கே போன பிறகு இருளப்பன் எட்டு வருஷம் இருந்தார். லாரிகளுக்கு நம்பர் எழுதுவார், கதவில் முதலாளி பெயர் எழுதுவார். யாராவது லாரியில் மயில் வேண்டும், ஆறு மலை வேண்டும் என்று கேட்டால் எழுத்து மட்டும்தான் தெரியும் என்பாராம். எண்பத்தேழில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். செய்தி எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. சரோஜா இருக்கிறது. சிங்காரத்தின் கொட்டகையில் உட்கார்ந்து தக்காளி பிரிக்கிறது. பத்துப் படி ஏறினால் மூச்சு நின்று வரும். தானா ராத்தாவில் பெரிய டாக்டர் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, சிறு வயதில் இந்தப் பெண் என்ன வேலை செய்தது என்று கேட்டாராம். கல்யாணம் ஆகவில்லை. ஒருமுறை சந்தையில் என்னைப் பார்த்தது. "நல்லா இருக்கீங்களா ஐயா" என்று கேட்டது. அதற்கும் நான் ஏதோ முனகிவிட்டு வந்தேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். அதையும் எழுதிவிடுகிறேன். அவர்கள் லாரி ஏறிப்போன அன்று சாயங்காலம், சரோஜா விட்ட இடத்துக்கு மறுநாள் காலைப் பெரட்டுக்குள் ஆள் வேண்டும் என்று துரை சொல்லியனுப்பினார். மூன்றாவது லயத்தில் ஒரு குடும்பம் செக்ரோலில் பெயர் ஏறக் காத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் ஜெயா என்று ஒரு பெண், பதினாறு வயது. புத்தகத்தைத் திறந்து சரோஜாவின் பெயரை அடித்துவிட்டு மேலே ஜெயா என்று எழுதினேன். காலையில் அவள் அப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து, வேலை கொடுத்ததற்காக என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். பம்பு ஸ்டோரில் இருக்கிறது, போய் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன்.